6 நிமிடம் 40 நொடி: ஒரு முதல் அரை மாரத்தானின் நிகழ்வு ஆய்வு

போன டிசம்பரில் கோவையில் நடந்த ஒரு பெரிய சாலை ஓட்டத்தில் எங்கள் வீதி அக்கா ஒருவர் முதல் முறையாக 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்தார். நேரம் 3 மணி 1 நிமிடம் 25 நொடி. வீதியே கூடி வரவேற்றோம், அதற்குத் தகுந்த காரியம்தான். ஆனாலும் அந்த ஓட்டத்தை உட்கார்ந்து அலசிப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு இதே அக்கா 18 கிலோமீட்டரை ஒரே சீராக, பேச்சு விடாமல் ஓடிவிட்டு, வீட்டுக்குப் போய் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினவர். கோவையில் அன்று 17-ஆவது கிலோமீட்டரில் சாலையின் நடுத்திட்டில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் உடம்பு எதையும் இழந்துவிடவில்லை. அப்படியென்றால் அங்கே என்னதான் நடந்தது?

அவருடைய நோட்டு, கைபேசிச் செயலியில் பதிவான ஓட்டங்கள், முடிவுப் பட்டியலில் வந்த 5 கிலோமீட்டர் நேரங்கள், அடுத்த வாரம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசியது ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நான் இதற்கு முன் நான்கு அரை மாரத்தான் ஓடியவள். அவருக்குப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், கூட இருந்தவள். அன்று நடந்ததில் என் தவறும் ஒன்று உண்டு, அது அதன் இடத்தில் வரும்.

ஓட வந்த கதை

அக்காவுக்கு வயது 42, எடை 68 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ஷிப்மென்ட் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், அத்தனையும் நின்றபடி வேலை. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகக் கணக்கு. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். பள்ளி மைதானத்தில் நடக்கத் தொடங்கினார். அங்கே நான் ஓடுவதைப் பார்த்து, "ஏனம்மிணி, நானும் கொஞ்சம் ஓடிப் பாக்கட்டுமா?" என்று கேட்ட நாளிலிருந்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்தோம். போன வருடம் ஆனி மாதக் கடைசியில் 5 கிலோமீட்டரை நிற்காமல் 42 நிமிடத்தில் ஓடினார்.

எங்கள் பக்கம் சாலையில் கூட்டமாக ஓடினாலே மாரத்தான் என்றுதான் சொல்வார்கள். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் பாதிதான் 21.0975. முதலில் 10 கிலோமீட்டரில் பெயர் கொடுக்கலாம் என்றேன். "பத்து எப்படியும் ஓடிருவேன், பாதி மாரத்தானே எழுது" என்றுவிட்டார். இருபது வாரம் கையில் இருந்ததால் நானும் மறுக்கவில்லை. பெயர் கொடுக்கும் முன் டாக்டரிடம் மறுபடி போய் இதயப் பரிசோதனையும் செய்துகொண்டார். நாற்பதைத் தாண்டி ஓட வருகிறவர்கள் யாரும் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

இருபது வாரம்

வாரத்துக்கு மூன்று ஓட்டம். செவ்வாயும் வியாழனும் சின்ன ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் வேலையே போதுமான பயிற்சி. ஞாயிறு தூரம் 6 கிலோமீட்டரில் தொடங்கி, மெல்ல ஏறி, பன்னிரண்டாவது வாரத்தில் 14-ஐ எட்டியது. பெரும்பாலும் ஊத்துக்குளி சாலைப் பக்கம், நஞ்சராயன் குளத்தை ஒட்டித்தான் ஓடினார். விடியும் நேரத்தில் அங்கே பறவைச் சத்தத்தோடு ஓடுவது தனிச் சுகம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்த குளம் அது. நீண்ட ஓட்டங்களில் அவருடைய கணவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தண்ணீரும் பூவன் பழமும் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். இருட்டுக்கும் தெருநாய்க்கும் அந்த வண்டி விளக்கைவிடப் பெரிய துணை இல்லை. நான் ஞாயிறுகளில் வேறு வேகத்தில் வேறு பக்கம் ஓடுவேன். ஆக, அக்கா ஓடியதெல்லாம் தனியாகத்தான். அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பயிற்சி தொடங்கியது ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கொங்கு முழுக்க அடிக்கிற காலம். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஓடுகிறவர் எம்மாத்திரம்? முதல் இரண்டு வாரம் அக்கா நொந்துபோனார். மேற்கே போகும்போது கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்கு மேல் ஆகும், திரும்பும்போது அதே ஆள் 7 நிமிடம் 45 நொடியில் வருவார். செயலி சொல்லும் எண்ணை விட்டுவிடுங்கள், மூச்சைப் பாருங்கள், ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிந்தால் அதுதான் உங்கள் வேகம் என்றேன். மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்து முதலில் ஓடிவிடுவது, களைத்த பிறகு காற்று முதுகைத் தள்ள வீடு திரும்புவது என்று வழக்கப்படுத்திக்கொண்டார். ஆவணி முடிவதற்குள் கடிகாரமே இல்லாமல் தன் வேகத்தைப் பிடிக்கப் பழகிவிட்டார். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 15 நொடியை ஒட்டியே இருக்கும். இருபது வாரத்தில் அவர் கற்றதில் உயர்ந்தது இதுதான் என்பது என் எண்ணம். அன்று கோவையில் முதலில் கைவிட்டுப் போனதும் இதுதான்.

நடுவில் ஒரு சறுக்கல். தீபாவளிக்கு முந்தைய வேலை நெருக்கடியும், பிறகு வந்த விடுமுறையும், ஊருக்குப் போனதும் சேர்ந்து பதின்மூன்றாம், பதினான்காம் வாரங்கள் போயே போயின. திரும்பி வந்ததும் விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் 16 கிலோமீட்டர் கிளம்பினார். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. விட்ட வாரங்களை யாரும் திரும்பப் பிடிக்க முடியாது, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும். பதினாறாம் வாரம் 10 கிலோமீட்டரோடு நிறுத்தி, கல் தரையை விட்டு மண் பாதையில் ஓடினார். வலி தணிந்தது.

பதினேழாம் வார ஞாயிறு 18 கிலோமீட்டர். எடுத்த நேரம் 2 மணி 30 நிமிடம் 18 நொடி, கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 21 நொடி. முதல் கிலோமீட்டருக்கும் கடைசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இரண்டு பூவன் பழம், வழியில் 7-ஆவது, 13-ஆவது கிலோமீட்டர்களில் பாதிப் பாதிக் கடலை மிட்டாய், ஒவ்வொரு 3 கிலோமீட்டருக்கும் சில மடக்குத் தண்ணீர். முடித்ததும் உப்புப் போட்ட மோர். இன்னொரு நாள் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தோம். 68.2 கிலோ 67.4 ஆனது. நடுவில் குடித்த 200 மில்லியையும் சேர்த்தால் 83 நிமிடத்தில் ஒரு லிட்டர் வியர்வை. மணிக்குச் சுமார் 0.7 லிட்டர். வீட்டுத் தராசு ஒன்று இருந்தால் யாரும் செய்யக்கூடிய கணக்கு இது, எவ்வளவு குடிப்பது என்ற கேள்விக்கு ஊரார் பதிலைவிட இது நம்பகமானது.

இவற்றை வைத்துப் போட்ட திட்டம்: கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 15 நொடி, முடிவு 2 மணி 54 நிமிடம். அவர் உடம்புக்கு நியாயமான இலக்கு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசி மூன்று நாள்

வெள்ளிக்கிழமை ஒரு ஷிப்மென்ட். காலை 8:30-க்கு நின்றவர் இரவு 10 மணிக்குத்தான் உட்கார்ந்தார். சனிக்கிழமை பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கக் கோவை போனோம். அங்கே வரிசை, கடைகள், படம் எடுக்கிற இடம் என்று மூன்று மணி நேரம் மறுபடியும் நின்றார். அங்கே கொடுத்த பையில் ஒரு டி-ஷர்ட், ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒரு பாக்கெட், தள்ளுபடிச் சீட்டுகள். பக்கத்துக் கடையில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று ஓட்டத்துக்கென்றே செய்த புதுக் காலுறை ஒரு ஜோடி வாங்கினார். ராத்திரிக்கு வீட்டில் அரிசிம்பருப்பு என்பது திட்டம். வழியிலேயே மணி எட்டரை ஆகிவிட்டதால் ஒரு கடையில் புரோட்டா சாப்பிட்டோம்.

டி-ஷர்ட்டைக் கையில் வாங்கியதும் அக்கா செய்த முதல் வேலை உள்பக்கம் திருப்பி அக்குள் தையலை விரலால் தடவிப் பார்த்தது. வருடக்கணக்காகத் துணி பார்த்த கை. "ஓவர்லாக்கோட விட்டுட்டாங்க. மேல பிளாட்லாக் ஓட்டல. இந்த வரம்பு அறுக்கும்" என்றார். இரண்டு துண்டுத் துணியை ஓவர்லாக்கில் சேர்த்தால் உள்ளே ஒரு மேடு நிற்கும். அதைப் படிய வைத்து மேலே பிளாட்லாக் தையல் போட்டால்தான் தோலில் உரசாது. நீண்ட நேரம் கை வீசி ஓடுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். இவ்வளவும் தெரிந்தவர், மறுநாள் தன் பழைய சட்டையை விட்டுவிட்டு அதையே போட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். "எல்லாரும் அதே கலர்ல நிக்கும்போது நாம மட்டும் வேறயா நின்னா நல்லாருக்காதுன்னு தோணுச்சு." இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம்

5 மணிக்குத் தொடக்கம். திருப்பூரிலிருந்து கோவை 50 கிலோமீட்டருக்கு மேல், வண்டி நிறுத்த இடம் வேறு தேட வேண்டும் என்பதால் 2 மணிக்கே எழுந்தோம். அக்கா 2:15-க்கு ஒரு இட்லியும் கடுங்காப்பியும் எடுத்துக்கொண்டார். பழம் வண்டியிலேயே இருந்தது. இடத்துக்குப் போனதும் வெளிச்சம், ஒலிபெருக்கி, உடம்பைச் சூடுபடுத்தும் ஆட்டம் என்று பழத்தின் ஞாபகமே இருவருக்கும் வரவில்லை. ஆக, ஓட்டம் தொடங்கும்போது சாப்பிட்டு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

என் தவறு இங்கேதான். பேசர்கள், அதாவது சீரான வேகத்தில் ஓடி மற்றவர்களுக்கு வேகம் காட்டுகிறவர்கள், தாங்கள் முடிக்கப்போகும் நேரத்தைக் கொடியில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 3 மணி நேரக் கொடி கடைசிப் பக்கம் இருந்தது. அதைத் தாண்டி அக்காவை முன்னால் கூட்டிக்கொண்டு போய், என் நண்பர்கள் நின்ற 2 மணி 20 நிமிடக் கொடிக்குப் பின்னால் நிறுத்தினேன். தனியாக விட மனம் வரவில்லை, கூட நின்றால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். ஓடத் தொடங்கிய நூறு மீட்டரில் நான் என் வேகத்தில் போய்விட்டேன். அவரைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அவரைவிட வேகமானவர்கள். அந்த நடுவில் அவரை நட்டுவிட்டுப் போனது நான்.

வழியில் முதல் கிலோமீட்டரிலேயே ஜமாப் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜமாப் சத்தம் கேட்டால் கொங்குக்காரர்களுக்குக் கால் தானாகத் துள்ளும், கோயில் நோம்பியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்புப் பையில் இருந்த கைபேசி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேகத்தைச் சொல்லும்படி வைத்திருந்தார். அது சொன்னது அந்தச் சத்தத்தில் காதில் விழவே இல்லை. முதல் கிலோமீட்டர் 7 நிமிடம் 2 நொடி. திட்டத்தைவிட 1 நிமிடம் 13 நொடி வேகம்.

ஓடுகிறவரோடு போகும் சிப் பதிவு செய்த நேரப்படி 5 கிலோமீட்டரை 37 நிமிடம் 10 நொடியில் கடந்தார். திட்டம் 41 நிமிடம் 15 நொடி. 10 கிலோமீட்டரில் 1 மணி 15 நிமிடம் 50 நொடி. திட்டத்தைவிட 6 நிமிடம் 40 நொடி முன்னால். அந்த இடத்தில் என் கணவர் நின்று பார்த்துவிட்டு, "அக்கா சூப்பரா போறாங்க" என்று செய்தி அனுப்பியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

15-ஆவது கிலோமீட்டரில் 1 மணி 58 நிமிடம் 55 நொடி. இன்னும் 4 நிமிடம் 50 நொடி முன்னால்தான் இருக்கிறார், ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் 43 நிமிடம் ஆகியிருக்கிறது. அடுத்த ஐந்து, 52 நிமிடம் 30 நொடி. அதற்குள்தான் நடுத்திட்டில் உட்கார்ந்தது, கெண்டைக்காலை ஒரு கல்லூரி மாணவி நீவிவிட்டது, அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் நின்று, "எந்திரிங்க, ஒரு கம்பம் ஓடுவோம், ஒரு கம்பம் நடப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனது எல்லாம். மின்கம்பத்தை எண்ணி எண்ணியே 20-ஐத் தொட்டார். கடைசி 1.1 கிலோமீட்டரை 10 நிமிடத்தில், நிற்காமல் ஓடினார். வள்ளி கும்மி ஆடிக்கொண்டிருந்த பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்களாம். முடித்த இடத்தில் நான் நின்றிருந்தேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது அழுதார், நானும்தான்.

கணக்கு இதுதான். முதல் 10 கிலோமீட்டரில் சம்பாதித்தது 6 நிமிடம் 40 நொடி. மீதி 11.1 கிலோமீட்டரில் செலவானது 14 நிமிடம் 2 நொடி. திட்டத்தைவிட 7 நிமிடம் 22 நொடி தாமதம். நேரம் எனக்குப் பெரிதில்லை. 15 முதல் 20 வரை அவர் பட்ட பாடு பெரிது, ஏனென்றால் அது படவே வேண்டியிராத பாடு.

எங்கே கெட்டது

முதலில் எல்லோரும் சொன்ன காரணம் உப்பு. உப்புக் குறைந்தது, அதனால் கால் பிடித்துக்கொண்டது என்றார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிடித்த தசையை இழுத்து நீட்டினால் உடனே விட்டுவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் உடம்புக்குள் உப்பு எதுவும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பழகாத வேகத்தில் வெகுநேரம் வேலை வாங்கிய தசை களைத்துப்போய்த் தன் கட்டுப்பாட்டை இழக்கிறது என்ற விளக்கமே இதற்குப் பொருந்துகிறது. அக்காவுக்குப் பிடித்ததும் மேம்பாலம் ஏறி இறங்கிய உடனே, இறக்கத்தில். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், அதில்தான் தசை அதிகம் நொந்துபோகும்.

அடுத்தது எரிபொருள். சமதரையில் ஓட ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். 68 கிலோவுக்கு 21.1 கிலோமீட்டர் என்றால் 1,400-க்குச் சற்று மேல். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கலோரி வரை. மேலோட்டமாகப் பார்த்தால் தாராளம். ஆனால் மெதுவாக ஓடும்போது செலவில் பெரும் பங்கைக் கொழுப்பு ஏற்றுக்கொள்ளும். வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு ஏறும். 7 நிமிடச் சொச்ச வேகம் அவருக்கு அந்தக் கோட்டுக்கு மேலே. தூக்கத்தில் கல்லீரல் இருப்பு குறைந்திருக்கிறது, காலையில் ஒரே ஒரு இட்லி, வழியில் 11-ஆவது கிலோமீட்டர் வரை எதுவுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பயிற்சியில் பழமும் கடலை மிட்டாயும் அதை ஓரளவு பார்த்துக்கொண்டன. அன்று கடலை மிட்டாய் பைக்குள்ளேயே இருந்தது. பக்கத்தில் ஓடியவர்கள் ஜெல்லைப் பிரிப்பதைப் பார்த்து அவரும் பிரித்திருக்கிறார். தண்ணீர் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக. வயிறு புரட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தண்ணீரும் அப்படித்தான். முதல் மூன்று தண்ணீர் மேசைகளிலும் கூட்டம் நெருக்கியது. ஒதுங்கி நின்று குடித்தால் பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று நினைத்துத் தாண்டிவிட்டார். 11 கிலோமீட்டர் வரை ஒரு மடக்குகூட இல்லை. அதன் பிறகு பயந்துபோய் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று குவளை. மொத்தம் ஒன்பது குவளை, ஒன்றே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். மூன்று மணி நேர வியர்வையோடு ஒப்பிட்டால் அது அதிகமில்லை, ஆனால் முழுவதும் பின்பாதியில், புரட்டுகிற வயிற்றில் போனது. இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005-இல் வெளியான ஆய்வில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் அதில் பெரிதும் மாட்டினார்கள். மெதுவாக ஓடும் புதியவர்களுக்கு நேரமும் அதிகம், மேசைகளும் அதிகம். வெறும் தண்ணீரைக் கண்ட இடத்திலெல்லாம் குடிப்பது பாதுகாப்பு ஆகாது.

காலுறை: வலது குதிகாலில் கொப்புளம். டி-ஷர்ட்: இரண்டு அக்குளிலும் தோல் வழன்று ஒரு வாரம் கை தூக்க முடியவில்லை. அவர் விரல் முந்தின நாளே சொன்னது.

இவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதில் எதுவுமே அக்காவுக்குத் தெரியாததல்ல. தன் வேகம், தன் சாப்பாடு, தன் தண்ணீர்க் கணக்கு, எந்தத் தையல் அறுக்கும் என்பது வரை எல்லாம் தெரிந்தவர். ஒவ்வொரு இடத்திலும் தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்கள் செய்ததைச் செய்திருக்கிறார். "மூணாவது கிலோமீட்டர்லயே மூச்சு வாங்குச்சு அம்மிணி. பேச முடியாதுன்னு தெரிஞ்சுது. ஆனா பக்கத்துல எல்லாரும் அப்படித்தான போறாங்க, பெரிய ஓட்டம்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன்" என்றார். சட்டைக்குச் சொன்ன பதிலும் மூச்சுக்குச் சொன்ன பதிலும் ஒன்றேதான்.

இருபது வாரமும் குளக்கரையில் தனியாக ஓடியவர், முதல் முறையாகச் சில ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றார். தூரத்துக்குப் பழக்கினோம், காற்றுக்குப் பழக்கினோம், கூட்டத்துக்குப் பழக்கவில்லை. புதியவர்களுக்கான பயிற்சி அட்டவணைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் இருக்கும், ஓய்வு நாள் இருக்கும், கூட்டத்தில் தன் வேகத்தில் ஓடிப் பழகும் நாள் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று இப்போது சொல்வேன். வெள்ளிக்கிழமை வேலையும் தூக்கக் கேடும் அவர் கையில் இல்லை, வேலைக்குப் போகும் எல்லோருக்கும் உள்ளதுதான். அவற்றை மட்டும் வைத்து 14 நிமிடம் போயிருக்காது.

அதன் பிறகு

இரண்டு வாரம் ஓய்வு. ஜனவரியில் எடுத்த சோதனையில் சர்க்கரை அளவு 5.8. சாப்பாட்டையும் மாற்றியிருந்ததால் ஓட்டத்துக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

தை மாதத்தில் மூன்று ஞாயிறு கோவை ரேஸ் கோர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டரை கிலோமீட்டர்ச் சுற்று, விடிகாலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களுமாக நிறைந்திருக்கும். வேலை ஒன்றே ஒன்று: யார் தாண்டிப் போனாலும் போகட்டும், ஒவ்வொரு சுற்று முடிவிலும் என்னிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு இரண்டாவது சுற்றிலேயே ஒரு பையன் பின்னால் வேகமெடுத்துவிட்டார், பிடித்து நிறுத்தினேன். மூன்றாவது ஞாயிறு, தாண்டிப் போகிறவர்களுக்கு "போங்க கண்ணு, போங்க" என்று வழிவிட்டுக்கொண்டே ஓடினார். தண்ணீருக்கு ஓரமாக ஒதுங்கி, நின்று, குடித்துவிட்டு மறுபடி சேரவும் அங்கேயே பழகினார்.

மாசியில் ஈரோட்டில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம். கடைசி வரிசையில் நின்றார், இந்த முறை நானும் அங்கேயே நின்றேன். முதல் கிலோமீட்டர் 8 நிமிடம் 40 நொடி. முதல் பாதி 40 நிமிடம் 35 நொடி, இரண்டாம் பாதி 38 நிமிடம் 55 நொடி. மொத்தம் 1 மணி 19 நிமிடம் 30 நொடி. கடைசி மூன்று கிலோமீட்டரில் தாண்டியவர்களை எண்ணிக்கொண்டே வந்து 31 என்றார். பழம் சாப்பிட்டிருந்தார், கடலை மிட்டாயும். முன் எலும்பு வலி மட்டும் லேசாகத் தலைகாட்டியது. வரும் ஆடிக்கு முன் அதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடலாம் என்று இருக்கிறோம். இந்த டிசம்பரில் மறுபடி 21.1-க்குப் பெயர் கொடுக்கப்போகிறார். 3 மணி நேரக் கொடிக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

ஈரோட்டில் அவர் போட்டிருந்தது அதே கோவை டி-ஷர்ட். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்குள் தையலைப் பிரித்து, புதிதாகச் சேர்த்து, மேலே பிளாட்லாக் ஓட்டி வாங்கியிருக்கிறார். உள்பக்கம் திருப்பி என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். வரம்பே தெரியவில்லை.